பதினோரு கட்டம்

தொண்ணூறு கிரெடிட் வேண்டும்.
என்னிடம் எண்பத்தெட்டு.
மிச்ச இரண்டும் மனித விழுமியங்கள் தாளில்
நிற்கிறதென்று
ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து
பக்கிரிசாமி சார் சொன்னார்.
கனிம வேதியியலில் எழுபத்தொன்று எடுத்தவள்
மனித விழுமியத்தில் ஃபெயில்.
ஷமீமா மூன்று நாள் சிரித்தாள்.

மறுபடி எழுதினேன். நேர்மை, சகிப்பு, காலந்தவறாமை.
தேர்வு தொடங்கி இருபது நிமிடம் கழித்து
ஹால் டிக்கெட் வந்தது.

வருகைப்பதிவு எழுபத்தைந்து விழுக்காடு.
எனக்கு எழுபத்து மூன்றரை.
குறைந்த ஒன்றரைக்கு ஒரு செலான்,
ஒரு மருத்துவச் சான்று.
நாற்று பறிக்கப் போன ஆறு நாளை
டைபாய்டு என்று எழுதிக் கொடுத்தார்
திருத்துறைப்பூண்டி ரயிலடி டாக்டர்.
விரலிடுக்கில் சேற்றுப்புண்ணைப் பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
ஐம்பது ரூபாய்.

ஆய்வேடு.
கச்சனம் தாண்டி தலைஞாயிறு வரை
கடைமடையில் இருபத்திரண்டு இடத்தில்
மண் எடுத்தேன்,
தம்பியின் எக்ஸெல் வண்டியில்,
ஜவுளிக்கடைப் பைகளில்.
எல்லா மண்ணும் உப்பென்றது.
பதினான்காம் எண் மட்டும் இல்லை.
மூன்று முறை கரைத்துப் பார்த்தேன்
மூன்று முறையும்
நல்ல தண்ணீர் குடித்து வளர்ந்த மாதிரியே பேசியது.
‘எடுத்துடும்மா, கிராஃப் கெடுது’ என்றார்
நெறியாளர் ஜெசிந்தா மேடம்.
எடுக்கவில்லை.
கொள்கையெல்லாம் கிடையாது.
அந்த ஒரு பை மண்ணுக்காகத்தான்
வண்டி பஞ்சராகி
நாலு மைல் தள்ளிக்கொண்டு வந்தேன்.

பிறகு, யாரைப் பார்த்து எழுதினாய் என்று
கணினி சொல்லும் சோதனை.
பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது.
எனக்குப் பன்னிரண்டு.
முன்னுரையின் முதல் வரியே சிவப்பு:
தமிழ்நாட்டின் நெற்களஞ்சியம்.
முந்நூற்றுப் பதினேழு பேர்
எனக்கு முன்பே எழுதிவிட்டிருந்தார்கள்.
களஞ்சியத்தை நீக்கினேன்.
ஒன்பதுக்கு இறங்கியது.
காலியான இடத்தில் என்ன வைப்பதென்று தெரியாமல்
‘ஆய்வுப் பகுதியில் நெல் பயிரிடப்படுகிறது’
என்று போட்டேன்.
மேடம் அதைப் பென்சிலால் வட்டமிட்டு
ஓரத்தில் எழுதியிருந்தார்:
இந்த வருஷமுமா?

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்தவர்
கீரைவடையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு
நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் பிரித்தார்.
‘இந்தப் பதினாலு ஏன் இப்படி?’
மேட்டு நிலம், பக்கத்தில் குளம், கொட்டிய எரு.
இரவெல்லாம் உருப்போட்ட மூன்று காரணமும்
நாக்கு நுனிக்கு வந்து நின்றன.
‘தெரியல சார்.’
மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
மேடம் மேசையைப் பார்த்தார்.
‘அப்ப அதையே எழுதுங்க, கடைசி அத்தியாயத்துல’
என்று மதிப்பெண் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

அதற்கப்புறம்தான் அந்தப் படிவம்.
பதினோரு கட்டம், பதினோரு கையெழுத்து.
நூலகம். விடுதி.
விளையாட்டுத் துறை: ஒரு பந்தும் தொட்டதில்லை,
பாக்கி இருபது ரூபாய்.
ஆய்வகத்தில்
இரண்டாம் பருவத்தில் உடைந்த ப்யூரெட்
முந்நூற்று நாற்பது.
உடைத்தது ஷமீமா.
பாதி அவள் கொடுத்தாள்.
பக்கத்தில் நின்றதற்கு
மீதி என்னுடையதாம்.

கடைசிக் கட்டத்துக்கு மறுபடி அதே ஜன்னல்.
மைப்பெட்டி காய்ந்து கிடந்தது.
பக்கிரிசாமி சார் முத்திரையில் வாய்வைத்து ஊதி
ஓங்கிக் குத்தினார்.
‘நிலுவை’ நன்றாக விழுந்திருந்தது.
‘இல்லை’ விழவில்லை.
அதைப் பேனாவால் எழுதித் தந்தார்.

‘தற்காலிகச் சான்று வர நாப்பத்தஞ்சு நாளாகும்.’
‘மேட்டூர் தண்ணியே
பதினஞ்சு நாள்ல வந்துடுதே சார்.’
கண்ணாடியை இறக்கி
படிவத்தில் என் முகவரியைப் படித்தார்.
‘உங்க ஊருக்கா?’